மஞ்சள் பையைக் கேட்ட நாளும் கேட்காத நாளும்: ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் மூன்று சிக்கல்கள்

பையனுக்கு வயது 14, எடை 38 கிலோ. ஏற்காடு மலையில் நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லயன் வீட்டில் குடும்பம். அப்பா மேஸ்திரி, பறித்து வரும் பழத்தைச் சாயங்காலம் எடை போட்டு நோட்டில் ஏற்றுவது அவர் வேலை. அம்மா பழம் பறிப்பவர். டிசம்பர் கடைசி, பறிப்பு மும்முரமாக நடந்த சமயம். அவர்களை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

மூன்று வாரமாக இருமல், இழுப்பு. ‘பனிக்கு இழுக்குது’ என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அந்த உயரத்தில் டிசம்பர் பனிக்குப் பிள்ளைகளுக்கு இழுப்பது வழக்கம்தான், யாரும் சந்தேகப்படமாட்டார்கள். ஒரு கிளினிக்கில் ஆஸ்துமா என்று சொல்லி நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, 5 நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டே நாளில் இழுப்பு நன்றாகக் குறைந்தது. நான்காம் நாள் வாந்தி. கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. ஐந்தாம் நாள் சிறுநீர் ஒரு தடவைதான் போயிருக்கிறான். எஸ்டேட் ஜீப்பில் கிளம்பினார்கள். ஆண்டுக் கடைசிச் சுற்றுலாக் கூட்டத்தில் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை நெரிசலாகக் கிடந்ததால் குப்பனூர் வழியாகச் சுற்றி இறங்கியிருக்கிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று வழி முழுக்க அம்மா மேல் சாய்ந்து உட்கார்ந்தபடியே வந்தான்.

எங்கள் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது முகம் உப்பியிருந்தது, கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. மார்பு எக்ஸ்ரேயில் இதயத்துக்கு மேல் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே அகலமான நிழல். இழுப்புக்குக் காரணம் பனி இல்லை; மூச்சுக்குழாயை வெளியிலிருந்து ஒரு கட்டி அழுத்திக்கொண்டிருந்தது. வெள்ளணுக்கள் 1,12,000. ஹீமோகுளோபின் 8.4. தட்டணுக்கள் 42,000. ரத்தப்பூச்சில் பார்த்த அணுக்களில் பெரும்பகுதி முதிராத பிளாஸ்ட் அணுக்கள். பின்னால் அணுக்களின் வகையைக் கண்டறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி பரிசோதனை அதை டி வகை லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்று உறுதிசெய்தது. எலும்பு மஜ்ஜை எடுக்க அன்றைக்கு முயலவே இல்லை. மார்பில் இப்படிக் கட்டி உள்ள பிள்ளையை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைத்தால் மூச்சுக்குழாய் அப்படியே அமுங்கிவிடலாம். ரத்தத்திலேயே இவ்வளவு பிளாஸ்ட் இருக்கும்போது அந்த ஆபத்து தேவையில்லை.

எங்களைப் பயமுறுத்தியது அடுத்த தாள். யூரிக் அமிலம் 14.2. பாஸ்பரஸ் 9.6. கால்சியம் 6.7. பொட்டாசியம் 6.4. கிரியாட்டினின் 2.6.

இதைத்தான் டியூமர் லைசிஸ் என்கிறோம். புற்றணுக்கள் கூட்டமாக உடையும்போது உள்ளே இருந்த பொட்டாசியமும் பாஸ்பேட்டும் மரபுப் பொருளும் ஒரே நேரத்தில் ரத்தத்தில் கொட்டுகின்றன. மரபுப் பொருள் சிதைந்து யூரிக் அமிலமாகிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகத் தங்குகிறது. பாஸ்பேட் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதே குழாய்களில் படிகிறது. அதனால்தான் ரத்தத்தில் கால்சியம் குறைந்து கால் பிடித்து இழுக்கிறது. லிம்போபிளாஸ்ட் அணுவில் சாதாரண லிம்போசைட்டைப் போல நான்கு மடங்கு பாஸ்பேட் உண்டு. பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும்.

2004இல் கெய்ரோ, பிஷப் இருவரும் வகுத்த வரையறையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம். யூரிக் அமிலம் 8, பொட்டாசியம் 6, பிள்ளைகளுக்குப் பாஸ்பரஸ் 6.5 என்ற அளவுகளைத் தொடுவது, கால்சியம் 7க்கு இறங்குவது: இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். கூடவே சிறுநீரகம் பழுதாவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறுதல், இதயத் துடிப்புக் கோளாறு, வலிப்பு இவற்றில் ஒன்று சேர்ந்தால் அது நோயாளியின் உடம்பிலேயே தெரியும் கட்டம். சிகிச்சை தொடங்குவதற்கு 3 நாள் முன்பிலிருந்து தொடங்கிய 7 நாள் வரை இதை எதிர்பார்க்க வேண்டும் என்கிறது அந்த வரையறை. இவனுக்குச் சிகிச்சை எப்போது தொடங்கியது? நாங்கள் இன்னும் ஒரு சொட்டு கீமோ கூட ஏற்றவில்லையே.

அம்மாவின் கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ரேஷன் அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஒரு துண்டு, ஒரு டம்ளர். அதோடு தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளையும் அவர் எறியாமல் வைத்திருந்தார். மேசையில் கொட்டச் சொன்னேன். பாராசிட்டமால், ஒரு ஆன்டிபயாட்டிக், பிறகு டெக்சாமெத்தசோன். அட்டையில் 10 குழிகளும் காலி.

ஸ்டீராய்டுதான் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியாவின் முதல் மருந்து. இழுப்புக்கு என்று கொடுத்த மாத்திரை கட்டியைச் சுருக்கியிருக்கிறது, அதனால்தான் மூச்சு லேசானது. அதே மாத்திரைதான் அணுக்களையும் உடைத்திருக்கிறது. திரவம் ஏற்றாமல், சிறுநீர் அளக்காமல், ரத்தம் பார்க்காமல். அந்த மருத்துவரை நான் குறை சொல்லப் போவதில்லை. கூட்டமான கிளினிக்கில் இழுக்கும் பிள்ளைக்கு யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆனால் ஒன்றை இந்தப் பக்கத்து மருத்துவர்கள் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். முதல் முறையாக இழுப்பு வரும் பெரிய பிள்ளை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறான், கழுத்தில் நெறிக்கட்டு இருக்கிறது அல்லது முகம் காலையில் வீங்குகிறது என்றால், ஸ்டீராய்டுக்கு முன்னால் ஒரு எக்ஸ்ரேயும் ஒரு ரத்த எண்ணிக்கையும் பார்த்துவிடுங்கள்.

முதல் இரவு

வெள்ளணு இவ்வளவு உயர்ந்திருக்கும்போது பொட்டாசியம் 6.4 என்றால் அதை அப்படியே நம்பக்கூடாது. பிளாஸ்ட் அணுக்கள் மென்மையானவை. ஆய்வகத்துக்குப் போகும் வழியில் டியூபுக்குள்ளேயே உடைந்து பொய்யான உயர்வைக் காட்டும். மறுபடி ரத்தம் எடுத்து, குலுக்காமல் கையிலேயே கொண்டுபோய், உடனே ரத்த வாயு அளவிடும் கருவியில் வைத்தோம்: 6.2. ஈசிஜியில் டி அலைகள் கூராக எழுந்திருந்தன. சரி, இது உண்மைதான். கால்சியம் குளுக்கோனேட் கொடுத்தோம். பாஸ்பேட் ஏறியிருக்கும்போது கால்சியம் ஏற்றினால் இரண்டும் சேர்ந்து திசுக்களில் படியும், அதனால் எண் குறைவாக இருக்கிறதே என்பதற்காக மட்டும் கால்சியம் தரக்கூடாது. இங்கே இதயத்தைக் காக்க வேறு வழியில்லை. தொடர்ந்து இன்சுலின், குளுக்கோஸ், சால்ப்யூட்டமால்.

பொட்டாசியம் கலக்காத திரவம், உடற்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு நாளுக்கு 3 லிட்டர் என்ற வீதத்தில். இவன் உடற்பரப்பு 1.24. மணிக்கு 120 மில்லிக்கு மேல் சிறுநீர் வர வேண்டும். வந்தது 15 மில்லி. சோடா பைகார்பனேட் கலக்கவில்லை. காரத்தன்மை கூடினால் கால்சியம் பாஸ்பேட் இன்னும் வேகமாகப் படியும் என்பதால் அந்தப் பழைய வழக்கம் கைவிடப்பட்டுவிட்டது.

யூரிக் அமிலத்துக்கு இரண்டு மருந்துகள் உண்டு. அல்லோபியூரினால் என்பது யூரிக் அமிலம் புதிதாக உருவாவதைத் தடுக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பதைத் தொடாது. ரேஸ்பூரிகேஸ் ஒரு என்சைம்; இருப்பதையே உடைத்து எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடும். 4 மணி நேரத்தில் எண் சரியும். இந்த நிலைமைக்கு ரேஸ்பூரிகேஸ்தான் மருந்து. நானே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். குப்பி ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்துவிட்டது.

அந்த மருந்தோடு ஒரு நிபந்தனை உண்டு. யூரிக் அமிலத்தை உடைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவரும். ஜி6பிடி என்ற என்சைம் குறைவாக உள்ளவரின் சிவப்பணு அதைத் தாங்காமல் வெடித்துவிடும், மெத்தீமோகுளோபினும் ஏறும். மெத்தீமோகுளோபினுக்கு வழக்கமாகத் தரும் மெத்திலீன் நீலத்தையும் அவர்களுக்குத் தர முடியாது. ஜி6பிடி பரிசோதனை முடிவு மறுநாள்தான் வரும். உயிர் போகிற நேரத்தில் முடிவுக்குக் காத்திருக்காமல் கொடுப்பவர்கள் பலர், நானும் கொடுத்திருக்கிறேன். அப்போது கையில் மிஞ்சுவது கேள்வி மட்டும்தான். மஞ்சள் பையைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்: “உங்க வீட்டுல யாருக்காவது மாத்திரை சாப்பிட்டு ஒத்துக்காம மஞ்சக்காமாலை மாதிரி வந்திருக்கா? மூத்திரம் கறுப்பா போயிருக்கா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “என் தம்பிக்கு வந்துச்சு டாக்டரம்மா. மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போன எடத்துல மலேரியா காய்ச்சல். அங்க குடுத்த மாத்திரை சாப்பிட்ட மூணாம் நாளு மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போச்சுன்னான். கண்ணெல்லாம் மஞ்சள். ரத்தம் ஏத்தித்தான் அனுப்புனாங்க. அதுலயிருந்து தலைவலிக்குக்கூட மாத்திரை தொடமாட்டான்.”

மலேரியா திரும்பாமலிருக்க 14 நாள் தரும் பிரைமாகுயின், ஜி6பிடி குறைந்தவர்களின் சிவப்பணுவை உடைக்கும் முதல் பெயர்பெற்ற மருந்து. இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக அம்மாவிடமிருந்து மகனுக்கு இறங்குவது. தாய்மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கும் இருக்கலாம். மலேரியா நெடுங்காலம் இருந்த நிலப்பகுதிகளில் இது கூடுதலாகக் காணப்படுவதும் தெரிந்ததே. குப்பியைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே ஜி6பிடிக்கு மாதிரி எடுத்தோம். ஏற்றிவிட்டால் கொடையாளியின் அணுக்கள் கலந்து முடிவு பொய்யாக நன்றாக வந்துவிடும். மறுநாள் வந்த அளவு, சாதாரண அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆக, டயாலிசிஸ். கழுத்தில் குழாய் போட வழியில்லை, மார்புக் கட்டி மேல்பெருஞ்சிரையை அழுத்திக்கொண்டிருந்தது. பையனைச் சாய்வாக உட்காரவைத்தபடியே தொடைச் சிரையில் அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குழாய் இறக்கினோம். இரவு 1 மணிக்கு இயந்திரம் ஓட ஆரம்பித்தது. யூரிக் அமிலமும் பொட்டாசியமும் வேகமாக இறங்கும், பாஸ்பேட் அப்படியில்லை. அது அணுக்களுக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வந்துகொண்டே இருப்பதால் இயந்திரத்தை நிறுத்திய சில மணி நேரத்தில் மறுபடி ஏறிவிடும். அதனால் மூன்று நாள் தொடர்ந்து, ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் செய்தோம். அல்லோபியூரினால் சிறுநீரகத்துக்கு ஏற்றபடி குறைத்த அளவில்.

சிறுநீர் அளக்கும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். வார்டில் நாங்கள் வைத்திருக்கும் தாளைவிட அவருடைய நோட்டு நன்றாக இருந்தது: நேரம், அளவு, நிறம், மூன்று பத்தி, பழம் எடை எழுதுகிற அதே கைப்பழக்கம். நான்காம் நாள் விடியற்காலை 4 மணிக்கு நேராக ‘90’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். காலை ரவுண்டில் யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் நோட்டைத் திறந்து அந்த வரியில் விரல் வைத்துக் காட்டினார். அன்றைக்கு டயாலிசிஸ் செய்யவில்லை. பத்தாம் நாள் கிரியாட்டினின் 0.7.

ஸ்டீராய்டை ஒன்றரை நாள் நிறுத்திவைத்து, டயாலிசிஸ் நிலைமையைப் பிடித்த பிறகு குறைந்த அளவில் பிரெட்னிசோலோன் தொடங்கிப் படிப்படியாக முழு அளவுக்குப் போனோம். முன்னரே ஸ்டீராய்டு போயிருந்ததால் எட்டாம் நாள் மருந்துக்கு அணுக்கள் எப்படிக் கேட்டன என்று கணிக்கும் வழி கெட்டுப்போயிற்று. இவனை அதிக ஆபத்துப் பிரிவில் வைத்தே சிகிச்சை தந்தோம்.

22ஆம் நாள்

14ஆம் நாளில் வீட்டுக்கு அனுப்பினோம், ஆனால் மலைக்கு இல்லை. கன்னங்குறிச்சியில் அத்தை வீடு. காய்ச்சல் வந்தால் அரை மணியில் வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. வின்கிறிஸ்டின், டானோரூபிசின், எல்-அஸ்பாராஜினேஸ் என்ற கீமோ மருந்துகள் எல்லாம் நாள் குறித்தபடி போயின. அஸ்பாராஜினேஸ் நான்காவது ஊசிக்கு மறுநாள், 22ஆம் நாள் காலை, வயிற்று வலி என்று வந்தான்.

வயிறு மெத்தென்று இருந்தது. ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளையின் வயிறு அப்படித்தான் ஏமாற்றும். உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் தொட்டால் இறுகாது. ரத்தம் எடுத்து வைத்த டியூப் பத்து நிமிடத்தில் கதையைச் சொல்லிவிட்டது. அணுக்கள் அடியில் இறங்கிய பிறகு மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய சீரம், கறந்த பால் போல வெள்ளையாக நின்றது. டிரைகிளிசரைடு 1,640. சர்க்கரை 438. கணையத்தில் சுரக்கும் என்சைமான லிபேஸ் உச்ச வரம்பைப் போலப் பத்து மடங்கு. அல்ட்ராசவுண்டில் வீங்கிய கணையம். இப்படிப் பால் போன்ற சீரத்தில் அமைலேஸ் பொய்யாகக் குறைந்து காட்டலாம், சோடியமும் அப்படியே. லிபேஸும் படமும்தான் கை கொடுத்தன.

லிம்போபிளாஸ்ட் அணுக்களால் அஸ்பாராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமாகப் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. ரத்தத்தில் இருப்பதை அஸ்பாராஜினேஸ் என்ற என்சைம் அழித்துவிட்டால் அவை பட்டினியில் சாகின்றன. அதே பட்டினி கல்லீரலையும் கணையத்தையும் தொடுகிறது. இன்சுலின், ஆல்புமின், ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் ஆன்டித்ராம்பின் எல்லாமே குறைகின்றன. ஸ்டீராய்டும் சேர்ந்துகொண்டால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுவதில் ஆச்சரியம் இல்லை.

திரவம், வலி மருந்து, இன்சுலின் சொட்டு. இன்சுலின் இங்கே இரண்டு வேலை செய்தது. சர்க்கரையோடு டிரைகிளிசரைடையும் இறக்கியது. மூன்றாம் நாளிலிருந்து கொழுப்பில்லாத கஞ்சி. வலி அடங்க 4 நாள் ஆயிற்று. 72 மணி நேரத்தைத் தாண்டியதால் தீவிர வகை என்று கணக்கிட்டு, அஸ்பாராஜினேஸை இனி இவனுக்குத் தருவதில்லை என்று முடிவெடுத்தோம். ஒவ்வாமையாக இருந்திருந்தால் வேறு பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் எர்வினியா வகைக்கு மாற்றியிருக்கலாம். கணைய அழற்சி மருந்தின் வேலையாலேயே வருவது, வகையை மாற்றிப் பலன் இல்லை. டி வகை நோய்க்கு இந்த மருந்தை இழப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த முடிவை அப்பா அம்மாவிடம் சொல்ல ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன்.

31ஆம் நாள்

தள்ளிவைத்திருந்த வின்கிறிஸ்டினை 26ஆம் நாள் கொடுத்தோம். அடுத்த சில நாளில் தாடை வலி என்றான். ஐந்து நாளாக மலம் இறங்கவில்லை. வலி மருந்தின் வேலை என்று நினைத்துப் பேதி மருந்து கொடுத்தோம். 31ஆம் நாள் காலை தலைவலி, பிறகு வலிப்பு.

அஸ்பாராஜினேஸ் போன பிள்ளைக்கு வலிப்பு என்றால் முதலில் நினைக்க வேண்டியது மூளைச் சிரையில் ரத்தக்கட்டு. எம்ஆர் வெனோகிராம் எடுத்தோம், தெளிவாக இருந்தது. சோடியம் 118. இந்த முறை சீரம் பாலாக இல்லை, உண்மையான குறைவு. சிறுநீர் அடர்த்தியாக இருந்தது. நீரைத் தக்கவைக்கும் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்று அர்த்தம். வின்கிறிஸ்டின் இதைச் செய்யும், ஆனால் நான்கே டோஸில் தாடை வலி, குடல் முடக்கம், வலிப்பு மூன்றும் சேர்ந்து வருவது அதிகம். மருந்து உடம்பில் தேங்குகிறது என்று தோன்றியது.

அப்போதுதான் பையைக் கேட்டேன். அதே மஞ்சள் பை, கட்டில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகோனசோல் காப்சூல் அட்டை.

ஸ்டீராய்டால் இடுப்பில் படர்தாமரை பரவி அரித்திருக்கிறது. பிள்ளை ராத்திரி தூங்காமல் சொறிவதைப் பார்த்து மனசு கேட்காமல் அத்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்கியிருக்கிறார். 18ஆம் நாளில் தொடக்கம். கணைய வலியில் சாப்பாடு நிறுத்தியபோது நிறுத்தி, கஞ்சி கொடுக்க ஆரம்பித்ததும் மறுபடி கொடுத்திருக்கிறார். வின்கிறிஸ்டினைக் கல்லீரலில் சிதைக்கும் என்சைமை இட்ராகோனசோல் முடக்கிவிடும். 26ஆம் நாள் உள்ளே போன டோஸ் பெரிய டோஸாகிவிட்டது.

முதல் சேர்க்கையில் நான் அந்தப் பையைக் கொட்டச் சொன்னேன். இரண்டாவது சேர்க்கையில் கேட்கவில்லை. கேஸ் ஷீட்டில் மருந்து வரலாறு என்ற இடத்தில் ‘முன்பு போலவே’ என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழே என் கையெழுத்து. பை 9 நாள் அதே கட்டிலில் தொங்கியது. அத்தை அழுதார். அவர் மேல் தவறில்லை என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். எந்த மாத்திரை வாங்கினாலும் எங்களைக் கேளுங்கள் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அப்பா அம்மாவிடம் சொன்னோம். பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அத்தை.

3 சதவீத உப்புத் திரவம் மெதுவாக ஏற்றி, நீரைக் குறைத்து, காப்சூலை நிறுத்தினோம். வலிப்பு திரும்பவில்லை. சோடியம் மூன்று நாளில் 134. கடைசி வின்கிறிஸ்டின் டோஸைத் தள்ளிவைத்தோம். வின்கிறிஸ்டின் நரம்பைப் பாதித்திருந்ததால், பாதத்தைத் தூக்கி முன்புபோல நடக்க இரண்டு மாதம் ஆயிற்று. படர்தாமரைக்குக் களிம்பு போதுமாக இருந்தது.

தாமதமாக 42ஆம் நாள் எடுத்த எலும்பு மஜ்ஜையில் நோய் அடங்கியிருந்தது; மீதமுள்ள நோயணு 0.01 சதவீதத்துக்கும் கீழே. அடுத்த கட்டத்தில் மெர்கேப்டோபியூரின் என்ற கீமோ மருந்து வரும் என்பதால் அல்லோபியூரினால் முன்பே நின்றுவிட்டதா என்று இருமுறை சரிபார்த்தோம். இரண்டும் சேர்ந்தால் மெர்கேப்டோபியூரின் பல மடங்கு வேலை செய்து மஜ்ஜையை அழுத்திவிடும். ஜி6பிடி குறைபாடு காரணமாக டாப்சோன் என்ற மருந்து இவனுக்கு ஒருபோதும் கூடாது என்று கோப்பின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதினோம்.

இப்போது பையன் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறான், மாதம் ஒருமுறை மலையிலிருந்து பஸ்ஸில் வருகிறான். அம்மா உட்காருவதற்கு முன்பே பையை என் மேசையில் கொட்டிவிடுவார். போன தடவை அவர் தம்பியும் கூட வந்திருந்தார். பரிசோதித்தோம், அவருக்கும் அதே குறைபாடு. எதெல்லாம் கூடாது என்று எழுதி ஒரு அட்டை கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப தலைவலிக்கு பாராசிட்டமால் போடலாங்களா டாக்டரம்மா?” என்று கேட்டார். போடலாம் என்றேன்.